அயர்லாந்துப் பள்ளியில் ஐரிஷ் பாட விலக்கு: புதிதாக வரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையோடு அயர்லாந்துக்குக் குடிவருகிறீர்களா? பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. அதுதான் ஐரிஷ் பாட விலக்குச் சான்றிதழ், அதாவது பிள்ளை ஐரிஷ் மொழியைப் படிக்கத் தேவையில்லை என்று பள்ளி எழுதித் தரும் தாள். நாங்கள் அதை அன்று கேட்கவில்லை. அதனால் ஆறு மாதம் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2022 ஆகஸ்டில் கோவையிலிருந்து டப்ளினுக்கு வந்தோம். மகளுக்கு அப்போது 12 வயது 2 மாதம், மகனுக்கு 8 வயது. மகளைத் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் சேர்த்தோம். இங்கே அதை சிக்ஸ்த் கிளாஸ் என்பார்கள். "அவள் ஐரிஷ் படிக்கத் தேவையில்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார் பிரின்சிபால். நல்ல மனுஷி, அன்பாகத்தான் சொன்னார். நாங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஐரிஷ் நேரத்தில் அவள் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தாள். அடுத்த செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளியில் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தபோது, "விலக்குச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். சான்றிதழ் இல்லை. பழைய பிரின்சிபால் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். பழைய பள்ளியின் பதிவிலும் எதுவும் இல்லை. எட்டு வருடமாக ஐரிஷ் படித்த பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு எழுத்தும் தெரியாமல் என் மகள் பிப்ரவரி வரை உட்கார்ந்திருந்தாள்.

இங்கே சொல்வதெல்லாம் அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும். பெல்ஃபாஸ்ட் பக்கம் போகிறவர்களுக்கு, அதாவது வட அயர்லாந்துக்கு, இந்தக் கட்டாயம் கிடையாது.

1. எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

இங்கே ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் என்ற தொடக்கப் பள்ளி முதல் வகுப்பிலிருந்து, லீவிங் செர்ட் என்ற பள்ளி இறுதித் தேர்வு வரை ஐரிஷ் கட்டாயப் பாடம். விலக்குக்கான விதிகள் கல்வித் துறையின் இரண்டு சுற்றறிக்கைகளில் இருக்கின்றன. தொடக்கப் பள்ளிக்கு 0054/2022, மேல்நிலைப் பள்ளிக்கு 0055/2022. இரண்டும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பதிவிறக்கி ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். நீளமானவை இல்லை. நமக்கு முன்பே இங்கே வந்த நண்பர்கள் 1990களின் விதிகளையோ 2019 சுற்றறிக்கைகளையோ மனதில் வைத்துச் சொல்வார்கள். "நம்ம பையனுக்கு 11 வயசிலேயே கொடுத்தாங்களே" என்று ஒருவர் எங்களிடம் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது அவர் காலத்தில் உண்மை. இப்போது எல்லை 12.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் வருவது முதல் பிரிவில்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கான பிரிவு அது. அதற்குள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்று, 12 வயது வரை, அல்லது தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டு முடியும் வரை, அயர்லாந்துக்கு வெளியே படித்து, ஐரிஷ் கற்க வாய்ப்பே இல்லாமல் போன பிள்ளை. மற்றது, முன்பு அயர்லாந்தில் படித்து, வெளிநாடு போய், திரும்பி வரும் பிள்ளை. கடைசியாக இங்கே பள்ளியில் பதிவாகி இருந்ததிலிருந்து தொடர்ச்சியாக மூன்று ஆண்டாவது கழிந்திருக்க வேண்டும். மறுபடியும் சேரும் நாளில் 12 வயதும் முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து, வாசிப்பிலும் எழுத்திலும் கடுமையான, விடாத சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான பிரிவு. சிறப்பு வகுப்புக்கோ சிறப்புப் பள்ளிக்கோ பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. படிப்பிலும் பள்ளி வாழ்க்கையிலும் ஈடுபடப் பெரும் தடையாக இருக்கும், விடாத பலவகைத் தேவைகள் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொன்று.

இந்தப் பட்டியலில் எதெல்லாம் இல்லை என்பதையும் கவனியுங்கள். "வீட்டில் தமிழ் பேசுகிறோம்", "ஏற்கெனவே மூன்று மொழி படிக்கிறாள்", "ஐரிஷ் எங்களுக்குப் பயன்படாது", "கொஞ்ச வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம்" என்பதெல்லாம் காரணமாகாது. விண்ணப்பத்தில் இவற்றை எழுதாதீர்கள். எழுதினால் பிரின்சிபாலின் கவனம் உங்கள் உண்மையான தகுதியிலிருந்து விலகிப்போகும்.

இன்னொன்று: இந்தச் சுற்றறிக்கைகள் ஆங்கில வழிப் பள்ளிகளுக்கானவை. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக கெயில்ஸ்கோல் என்னும் ஐரிஷ் வழிப் பள்ளி ஒன்றில் இடம் வாங்கிவிட்டு அப்புறம் விலக்குக் கேட்பதில் பொருளில்லை. அங்கே கணக்கு, வரலாறு எல்லாமே ஐரிஷில்தான்.

2. வயதை நாள் கணக்கில் பாருங்கள்

நான் அதிகம் பார்த்த ஏமாற்றம் இங்கேதான். "வந்து சேரும்போது 11 முடிந்து 12 நடக்கிறது" என்று நம் வழக்கப்படி சொல்வோம். நடக்கும் வயதை இங்கே கணக்கில் எடுக்கமாட்டார்கள். முடிந்த வயதுதான் கணக்கு. அதாவது பன்னிரண்டாம் பிறந்தநாள் தாண்டியிருக்க வேண்டும். விமானம் இறங்கிய நாள், வீடு எடுத்த நாள் எதுவும் முக்கியமில்லை. பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறிய நாள்தான் முக்கியம்.

"தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டு" என்ற சொற்களை வைத்துச் சிலர், "எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடுகிறது, பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். அதை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பேன். பத்து வயதில் வரும் பிள்ளை இங்கே மறுபடியும் தொடக்கப் பள்ளியில்தான் உட்காரும். ஆனால் பதினொன்றரை, பதினொன்றே முக்கால் வயதில் வந்து நேரடியாக ஃபர்ஸ்ட் இயரில் சேரும் பிள்ளையின் நிலை வேறு. அப்படியென்றால் அந்த வரியை விண்ணப்பத்தில் அப்படியே மேற்கோள் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

பன்னிரண்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து சேர்ந்த ஒரு குடும்பம், பிறந்தநாள் வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 6 முதல் 16 வயது வரை கல்வி இங்கே சட்டப்படி கட்டாயம். அதைவிட, புது நாட்டில் நண்பர்கள் கிடைக்கும் முதல் நாட்களை ஒரு பாடத்துக்காக இழக்கக் கூடாது. தவிர, டப்ளினின் பல பகுதிகளில் பள்ளி இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இடத்தைத் தள்ளிப்போட்டால் அது வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

இங்கே கொஞ்ச காலம் படித்துவிட்டு, தாத்தா பாட்டியோடு இருக்க ஊருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மூன்று ஆண்டுக் கணக்கு இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பருவம் இங்கே வந்து பள்ளியில் சேர்ந்திருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

3. ஆவணங்களை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்குங்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாங்கள் தடுக்கி விழுந்ததும் இங்கேதான்.

பள்ளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை இந்த வயது வரை எங்கே படித்தது? அதை ஆண்டு விடாமல் காட்ட வேண்டும். நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் டி.சி. மட்டும். டி.சி. கடைசிப் பள்ளியைப் பற்றித்தான் சொல்லும். என் மகள் நான்காம் வகுப்பு வரை ஒரு பள்ளியிலும் அதற்கப்புறம் வேறு பள்ளியிலும் படித்தாள். இரண்டாவது பள்ளியின் டி.சி.யை மட்டும் காட்டினோம். "இதற்கு முந்தைய ஆண்டுகள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் தம்பி முதல் பள்ளிக்கு மூன்று முறை நடந்து போனஃபைட் சான்றிதழ் வாங்கி அனுப்பினான். கூரியருக்கு மட்டும் ஏறக்குறைய 2,500 ரூபாய். ஊரில் இருக்கும்போதே கேட்டிருந்தால் ஒரு காலை வேலையில் முடிந்திருக்கும்.

ஆகவே பிள்ளை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் போனஃபைட் சான்றிதழ் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, பயிற்று மொழி எது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஆங்கிலத்தில், பள்ளியின் முத்திரையோடு, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தெரியும்படி இருக்கட்டும். ஒவ்வொரு ஆண்டின் மதிப்பெண் அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாடங்களின் பெயர்கள் இருப்பதால், ஐரிஷ் படிக்க வாய்ப்பில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் வேண்டும். பாஸ்போர்ட்டில் முதல் பக்கத்தோடு, அயர்லாந்தில் நுழைந்தபோது குத்திய முத்திரை இருக்கும் பக்கத்தையும் நகலெடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. நமக்கெல்லாம் ஐ.ஆர்.பி. என்ற குடியேற்றப் பதிவு அட்டை இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பதிவு கிடையாது. எனவே பிள்ளை எப்போது வந்தது என்று காட்ட அந்த முத்திரைதான் கைகொடுக்கும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் விமானப் பயணச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், நம் இனிஷியல். தமிழ்நாட்டுப் பெற்றோர் எல்லாரும் கவனிக்க வேண்டியது இது. டி.சி.யில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். இங்கே பள்ளிப் பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் ஏறும். கோப்பைப் புரட்டுகிறவருக்கு இரண்டும் வேறு வேறு ஆள்போலத் தெரியும். எங்களுக்கு இதற்கே இரண்டு வாரம் போனது. போனஃபைட் வாங்கும்போதே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். இனிஷியலோடு உள்ள பெயரும் இதுவும் ஒருவரே என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. வாங்க முடியாமல் போனால், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இருக்கும் இடத்தைக் குறித்துக்காட்டி, இனிஷியல் வழக்கத்தை நான்கு வரியில் விளக்கி ஒரு கடிதம் வையுங்கள். நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

நோட்டரி கையெழுத்து, அப்போஸ்டில் போன்றவற்றை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று முன்கூட்டியே அதற்குச் செலவழிக்காதீர்கள். ஆங்கிலத்தில் உள்ள சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

4. எழுத்தில் விண்ணப்பியுங்கள்

விலக்கு கொடுப்பது கல்வித் துறை இல்லை, பள்ளிதான். எனவே விண்ணப்பம் பிரின்சிபாலுக்கு. பெற்றோர் அல்லது பாதுகாவலர் எழுத்தில் கேட்க வேண்டும். 18 வயது முடிந்த மாணவர் தானே கேட்கலாம். பள்ளியில் படிவம் இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம் போதும். கட்டணம் எதுவும் கிடையாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளியில் சேர்ந்த தேதி, அந்த நாளில் வயது எத்தனை ஆண்டு எத்தனை மாதம், இதுவரை படித்த பள்ளிகளும் ஆண்டுகளும், எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பிரிவில் விலக்குக் கேட்கிறீர்கள் என்பது, இணைத்திருக்கும் தாள்களின் பட்டியல். இவ்வளவுதான். உருக்கமாக எழுதத் தேவையில்லை. தேதிகள் தெளிவாக இருந்தால் படிப்பவருக்குப் பத்து நிமிட வேலை.

மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தாலும், "இன்று கொடுத்திருக்கிறேன்" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அதில் எப்போது முடிவு தெரியும் என்றும் கேளுங்கள். இங்கே யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தலைமையாசிரியரிடம் தேதி கேட்பது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தயக்கம் இருந்தது. கேட்டபிறகுதான் வேலை நகர்ந்தது.

எப்போது கொடுப்பது? சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. செப்டம்பர் முதல் இரண்டு வாரம் பள்ளி அலுவலகம் பரபரப்பாக இருக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு வார விடுமுறை வரும். அதைத் தாண்டினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். நாங்கள் அக்டோபரில் தொடங்கி, தாள்கள் குறைந்து, பிப்ரவரியில் முடித்தோம்.

பிரின்சிபால் உங்களை அழைத்துப் பேசலாம். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். அதற்கு முன்னால் வீட்டில் பிள்ளையிடம் பேசுங்கள். என் மகளிடம் நாங்கள் பேசவே இல்லை. "எனக்குக் கொஞ்சம் கத்துக்கணும்னு இருந்துச்சு, ஆனா எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க" என்று அவள் அங்கே சொன்னபோதுதான் எங்களுக்கே தெரியும்.

5. கற்றல் சிரமத்துக்காகக் கேட்கிறவர்கள்

இந்தப் பிரிவில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. நெருங்கிய தோழி ஒருவர் மகனுக்காகப் போனார். அவரோடு உட்கார்ந்து சுற்றறிக்கையைப் படித்ததில் தெரிந்தவை இவை.

தொடக்கப் பள்ளியில் பிள்ளை குறைந்தது செகண்ட் கிளாஸை எட்டியிருக்க வேண்டும். பள்ளி பிள்ளைக்காகத் தனிக் கோப்பு வைத்து, கூடுதல் உதவி கொடுத்து, மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தும் சிரமம் நீடிக்கிறது என்று அந்தக் கோப்பு காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் நேரத்தில் சொல் வாசிப்பு, வாசித்துப் புரிந்துகொள்ளுதல், எழுத்துக்கூட்டல் போன்ற ஒரு தேர்வில் பத்தாவது பெர்சன்டைல் அல்லது அதற்குக் கீழே மதிப்பெண் இருக்க வேண்டும், அதாவது அதே நிலைப் பிள்ளைகள் நூறு பேரில் கடைசிப் பத்துப் பேருக்குள் வர வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் பெற்றோர் இடறுகிறார்கள். முதலாவது பணம். 2019க்கு முன்னால் கல்வி உளவியல் வல்லுநரின் அறிக்கை கேட்பார்கள். அதனால் தனியாரிடம் பல நூறு யூரோ கொடுத்து அறிக்கை வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த விலக்குக்கு அது தேவையே இல்லை. பள்ளியே தேர்வு வைத்து முடிவெடுக்கலாம். வேறு காரணத்துக்காகப் பிள்ளைக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் அது தனி விஷயம்.

இரண்டாவது, ஸ்டென் எண். கோடைக்கு முன் வரும் அறிக்கையில் 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். 3 என்று பார்த்ததும் விலக்கு கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்டென் 3 என்பது பத்தாவது பெர்சன்டைலுக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். எனவே பெர்சன்டைல் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

ஆங்கிலம் இன்னும் பழகாததால் மதிப்பெண் குறையும் பிள்ளையையும், எந்த மொழியிலும் வாசிக்கத் திணறும் பிள்ளையையும் பள்ளி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழில் வாசிக்கும்போதும் இதே திணறல் உண்டா என்பதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். மறைக்காமல் சொல்லுங்கள். தோழிக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்ன பிறகு மகனுக்கு விலக்கு மட்டுமல்ல, வாசிப்புக்கான உதவியும் சேர்ந்தே கிடைத்தது.

6. சான்றிதழைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்

பிரின்சிபால் சரி என்றால், எழுத்தில் சொல்வார், விலக்குச் சான்றிதழும் கொடுப்பார். "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தையோடு வீடு திரும்பாதீர்கள். அந்த வார்த்தை சொன்னவரோடு போய்விடும்.

சான்றிதழில் பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, எந்தப் பிரிவின் கீழ் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா, தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பள்ளியின் ஆன்லைன் மாணவர் பதிவிலும் விலக்கை ஏற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

தொடக்கப் பள்ளியில் வாங்கிய விலக்கு மேல்நிலைப் பள்ளியிலும் செல்லும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம், சான்றிதழின் நகலைக் கொடுத்தால் போதும். வேறு ஊருக்கு மாறினாலும் அப்படியே. பிள்ளை பின்னால் மனம் மாறி ஐரிஷ் படிக்க விரும்பினால் படிக்கலாம். அதனால் விலக்கு உரிமை போய்விடாது.

ஐரிஷ் வகுப்பு நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்பதையும் இதோடு பேசி முடிவு செய்யுங்கள். சில பள்ளிகளில் அந்த நேரத்தில் ஆங்கில உதவி வகுப்பு வைப்பார்கள். சில இடங்களில் நூலகம். சில இடங்களில் அதே வகுப்பில் வேறு வேலை. விலக்கு வந்தால் தானாகத் தனி ஆசிரியர் கிடைத்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். நாம் கேட்டால்தான் அந்த நேரம் வீணாகாமல் இருக்கும்.

7. மறுத்துவிட்டால்

மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. பள்ளியின் முடிவு தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஐரிஷ் விலக்கு மேல்முறையீட்டுக் குழுவுக்கு முறையிடலாம். இந்த 30 நாட்களில் சனி ஞாயிறும் விடுமுறையும் அடங்கும். டிசம்பர் நடுவில் மறுப்பு வந்தால் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். படிவம் கல்வித் துறையின் இணையதளத்தில் இருக்கிறது.

பள்ளி சுற்றறிக்கையின்படி முடிவெடுத்ததா என்பதைத்தான் குழு பார்க்கும். எனவே பள்ளி தேதியைத் தவறாகக் கணக்கிட்டது, கொடுத்த தாளைப் பார்க்கவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால் முறையிடுங்கள். 11 வயது 5 மாதத்தில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு இரக்கம் காட்டச் சொல்லி எழுதுவதால் பயனில்லை. அந்த நேரத்தைப் பிள்ளைக்கு ஐரிஷ் சொல்லிக்கொடுக்கச் செலவிடலாம்.

8. கையெழுத்துப் போடும் முன் கல்லூரியை நினையுங்கள்

விலக்கு கிடைத்தால் சில கதவுகள் பிறகு மூடியிருக்கும். அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக லீவிங் செர்ட்டில் ஐரிஷ் உயர்நிலைத் தாளில் எச்4 என்ற தரம் வேண்டும். உங்கள் பிள்ளை குழந்தைகளோடு இருக்க ஆசைப்படுகிறவள் என்றால் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

யு.சி.டி. (டப்ளின்), யு.சி.சி. (கார்க்), கால்வே, மேநூத் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் அயர்லாந்துத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அங்கே நுழைய ஐரிஷ் ஒரு தகுதிப் பாடம். பள்ளி கொடுத்த சான்றிதழ் கையில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. தேசியப் பல்கலைக்கழகத்திடம் தனியாக விலக்கு விண்ணப்பம் போட வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. பொது விண்ணப்பத்தின் வழக்கமான கடைசி நாள் பிப்ரவரி 1. அதற்கு முன்பே, பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டான ஃபிஃப்த் இயரிலேயே, இதை முடித்து வைத்துவிட்டால் தேர்வு ஆண்டில் நிம்மதி. பள்ளிச் சான்றிதழ் தொலைந்து போயிருந்தால் அந்த வயதில் எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டும். அதனால் ஒரு நகலை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு இன்னொன்று. ஐரிஷ் போயிற்று, அதோடு பிரெஞ்சையும் ஸ்பானிஷையும் விட்டுவிடலாம் என்பது. விடாதீர்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் சில படிப்புகள் மூன்றாவது மொழி கேட்கின்றன. டப்ளினின் டிரினிட்டி கல்லூரி ஐரிஷ் கேட்காது, ஆனால் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி கேட்கும். "தமிழை எழுதலாமா?" என்று எல்லாத் தமிழ்ப் பெற்றோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். லீவிங் செர்ட்டில் போலிஷ் உண்டு, லித்துவேனியன் உண்டு, மாண்டரின், ஜப்பானிய மொழி, அரபு உண்டு. தமிழ் இல்லை. எனவே ஃபர்ஸ்ட் இயரில் எடுக்கும் மொழியைப் பிள்ளை கடைசி வரை பிடித்துக்கொள்ளட்டும். என் மகள் ஸ்பானிஷ் எடுத்தாள். ஐரிஷ் நேரத்தில் அதைத்தான் கூடுதலாகப் படிக்கிறாள்.

9. விலக்குக் கிடைக்காத சின்னப் பிள்ளைகளுக்கு

என் மகனுக்கு விலக்குக் கேட்க வழியே இருக்கவில்லை. எட்டு வயதில் வந்தவன். முதல் வாரம் அழுதான். மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்து, கையைத் தூக்கிக்கொண்டு, "அன் வில் க்யாத் அகம் துல் க ஜீ அன் லெஹ்ரஸ்?" என்றான். கழிப்பறைக்குப் போக அனுமதி உண்டா என்று அர்த்தமாம். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் மனப்பாடமாகும் வாக்கியம் அது. அதை வைத்தே அவன் அந்த மொழிக்குள் நுழைந்துவிட்டான்.

சின்னப் பிள்ளையோடு வருகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வகுப்பாசிரியரிடம், முதல் மூன்று மாதம் எந்தச் சொற்கள் முக்கியம் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பாடப் புத்தகத்தோடு ஒலிப்பதிவு இருந்தால் அதை வாங்கி வீட்டில் ஓடவிடுங்கள். ஐரிஷின் எழுத்துக்கும் ஒலிப்புக்கும் தூரம் அதிகம், எனவே புத்தகத்தைப் பார்த்து நாமே ஆங்கிலம்போல வாசித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தவறாகப் பழகிவிடும். அவன் சொன்னதைக் கேட்டு நாம் திருப்பிச் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டில் அவன் ஐரிஷ் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு நோட்டு வைத்திருக்கிறான். "தியா க்விச்" என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. வணக்கம் என்று அர்த்தம். இப்போது அவன் அக்கா அந்த நோட்டை எடுத்துப் படிக்கிறாள்.